அந்த ஐந்துக்கு வேறு வழியே இல்லை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் தம்பியிடமிருந்து சுட்டது. அவனும் இதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவன் குடும்ப நீதிமன்ற வக்கீல். கட்சிக்காரர் சொன்னதை வெளியே விடக் கூடாது என்பது தொழில் தர்மம். ஆனால் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் என் தம்பியின் வாய்க்குப் பூட்டுப் போட எந்தச் சட்டத்தாலும் முடியாது. "அக்கா, உனக்குத்தான் சுடோகுன்னா உயிராச்சே, ஒரு கேஸ் வந்திருக்கு கேளு" என்று ஆரம்பித்தான். அவன் முடித்தபோது என் சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

"எழுதிடாதே" என்றான்.

"சேச்சே" என்றேன்.

இதோ எழுதுகிறேன்.

[அடிக்குறிப்பு: "சேச்சே" என்பது வாக்குறுதி ஆகாது. வக்கீலுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.]

2

தொடக்கம் பிடிபடவில்லை. மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், நீதிமன்ற வராந்தாவில், பிரியப் போகும் கணவனும் மனைவியும் ஒரே பெஞ்சின் இரண்டு முனைகளில்—"

வேண்டாம். கதைகளில் பிரிகிறவர்கள் எல்லாம் ஏன் மழையிலேயே பிரிகிறார்கள்? வெயிலில் பிரிந்தால் செல்லாதா?

இரண்டாவது: "சுடோகு என்பது ஒன்பது வரிசை, ஒன்பது பத்தி, ஒன்பது பெட்டி கொண்ட எண்புதிர். ஒவ்வொரு வரிசையிலும் பத்தியிலும் பெட்டியிலும் ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்கள் ஒரு தடவைதான் வரலாம். சில கட்டங்கள் நிரப்பித் தரப்பட்டிருக்கும், மீதியை நாம் நிரப்ப வேண்டும்."

பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. இருந்தாலும் அடிக்காமல் விடுகிறேன். சுடோகு பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களும் இதைப் படிக்கலாம்.

மூன்றாவது: "அவளை அலுவலகத்தில் ரப்பர் என்று கூப்பிடுவார்கள்."

இது பரவாயில்லை.

3

அவளை அலுவலகத்தில் ரப்பர் என்று கூப்பிடுவார்கள். ஒரு நாளிதழின் புதிர்ப் பக்கத்தைச் சரிபார்ப்பவள். அடுத்தவர் செய்த தப்பை அழிப்பதுதான் வேலை. சுடோகு அச்சுக்குப் போகும் முன்னால் விடையைப் பார்க்காமல் தானே போட்டுப் பார்ப்பாள். அதற்கு ஒரே ஒரு விடைதான் உண்டு என்று உறுதியானால் மூலையில் கையெழுத்துப் போடுவாள். இரண்டு விடை வந்தால் அது புதிரே இல்லை, தூக்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள் என்று ஆசிரியரே சொல்வாராம்.

அந்தச் சுடோகுகளை உருவாக்குகிறவரைக் கட்டக்காரர் என்று வைத்துக்கொள்வோம். பகலில் ஒரு சரக்குக் கிடங்கில் கணக்கு, மாலையில் கட்டம். அவர் அவளுடைய கணவர். அதாவது, இப்போதைக்குக் கணவர்.

கட்டக்காரர் எனக்குப் பிடிபடவே இல்லை. ஒரு மனுஷனை மனைவி வேண்டாம் என்கிறாள் என்றால் அவர் ஏதாவது செய்திருக்க வேண்டும் அல்லவா? முதல் பிரதியில் அவருக்கு இன்னொரு பெண்ணை ஏற்பாடு செய்தேன். வாசனைத் திரவியம், பூட்டிய கைப்பேசி, எல்லாம் வைத்து ஒரு பக்கம் எழுதினேன். தம்பியிடம் படித்துக் காட்டினேன். (ஆமாம், "சேச்சே"க்கு அடுத்த வாரமே காட்டிவிட்டேன்.)

"அடப்போக்கா! அவருக்கு அவ்வளவு சாமர்த்தியமெல்லாம் கிடையாது."

"பின்னே என்னதான்டா பண்ணினார்?"

"வேலையை விட்டுட்டார். வீட்ல சொல்லல. காலையில சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிட்டுக் கிளம்புவார், பொது நூலகத்துல உக்காந்து கட்டம் போடுவார், சாயங்காலம் வேலை முடிஞ்சு வர்ற மாதிரி வருவார். மாசக்கணக்கா இப்படியே."

அந்தப் பெண்ணை, வாசனைத் திரவியத்தோடு, கதையிலிருந்து நீக்கிவிட்டேன். பாவம், ஒரு பக்கம்தான் வாழ்ந்தாள்.

4

இந்த இடத்தில் கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. கொட்டாவி விடுகிறவர்கள் விடலாம். ஆனால் தாண்டிப் போகாதீர்கள், கதையின் குடுமி இங்கேதான் இருக்கிறது.

எளிய சுடோகு கண்ணாலேயே விழுந்துவிடும். கடினமானதில் அது நடக்காது. ஒவ்வொரு காலிக் கட்டத்திலும் என்னென்ன எண் வர முடியும் என்று பென்சிலால் பொடிப்பொடியாகக் குறித்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். எந்த எண் வரும் என்று தேடுகிறவன் கற்றுக்குட்டி. எது வரவே வராது என்று தேடுகிறவன்தான் ஆட்டக்காரன். இரண்டு வரிசையில் ஒரே எண்ணுக்கு ஒரே இரண்டு பத்தியில்தான் இடம் என்றால் அந்தப் பத்திகளில் மற்ற எல்லா இடத்திலும் அந்த எண்ணை அடித்துவிடலாம். இதற்கு எக்ஸ்-விங் என்று பெயர். இதைவிடப் பெரிய வித்தை சங்கிலி: இது இல்லை என்றால் அது, அது என்றால் இன்னொன்று இல்லை, அது இல்லை என்றால்... என்று கையைப் பிடித்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்றை வசமாகப் பிடிப்பது.

ரப்பர் தன் கணவரைச் சங்கிலியில்தான் பிடித்தாள். ஒருநாள் சாப்பாட்டு டப்பாவைக் கழுவும்போது மூடியின் விளிம்பில் ரப்பர் தூள் ஒட்டியிருந்தது. வேறொரு பெண்ணாக இருந்தால் ஊதிவிட்டுக் கழுவியிருப்பாள். இவள் யோசித்தாள். கிடங்குக் கணக்கு முழுக்கக் கம்ப்யூட்டரில். அங்கே பென்சில் இல்லை. பென்சில் இல்லாத இடத்தில் ரப்பர் தூள் வராது. தூள் வந்திருக்கிறது என்றால் டப்பா கிடங்குக்குப் போகவில்லை. டப்பா போகவில்லை என்றால் அதைத் தூக்கிக்கொண்டு போனவரும் போகவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு கிடங்குக்குப் போன் போட்டாள்.

அன்று மாலை நடந்ததைத் தம்பி இரண்டே வரியில் சொன்னான்.

"சொன்னா நீ ஒத்துக்க மாட்டேன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

"கேட்டீங்களா?" என்றாள் அவள்.

அவர் கேட்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்த மனுஷன் வேறு என்ன சொல்வார்? பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு லாட்ஜுக்குப் போய்விட்டார். புதிர் செய்யும் கம்ப்யூட்டர் பெரியது, தூக்க முடியவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டது. இருவரும் சேர்ந்து விவாகரத்து மனு கொடுத்தார்கள். என் தம்பி எழுதிய மனு. மூன்றாவது பத்தியில் இப்படி இருந்தது: "எங்களுக்கிடையே பரஸ்பர நம்பிக்கை முற்றிலுமாக அற்றுப்போய்விட்டது." தம்பிக்கு அந்த வரியில் பெருமை வேறு.

வேலை மட்டும் நிற்கவில்லை. அவர் லாட்ஜிலிருந்து கட்டம் அனுப்புவார், அவள் அலுவலகத்தில் சரிபார்ப்பாள். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது.

பாடம் இன்னும் முடியவில்லை. ஒரே ஒரு வித்தை பாக்கி.

ஒரு செவ்வகத்தின் நான்கு மூலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று மூலைகளில் மூன்றோ எட்டோதான் வர முடியும். நான்காவதில் மூன்று, எட்டு, ஐந்து என்று மூன்று வாய்ப்புகள். நான்காவதிலும் மூன்றோ எட்டோ வந்துவிட்டால் என்ன ஆகும்? மூன்றையும் எட்டையும் மூலைக்கு மூலை இடம் மாற்றிப் போட்டாலும் புதிர் சரியாகவே இருக்கும். அதாவது இரண்டு விடை. ஆனால் நல்ல புதிருக்கு ஒரே விடைதானே? ஆகவே அந்த மூலையில் ஐந்துதான். கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

[அடிக்குறிப்பு: அந்த நான்கு மூலைகளும் இரண்டே பெட்டிக்குள் இருக்க வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் சுடோகுக்காரர்கள் என்னைப் பிய்த்து எடுத்துவிடுவார்கள்.]

அழகான வித்தை. ஆனால் மற்ற வித்தைகளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மற்றவை எல்லாம் கட்டத்தைப் பார்த்துப் போடுவது. இது, கட்டத்தைச் செய்த ஆளை நம்பிப் போடுவது. அவர் ஒழுங்காகச் செய்திருப்பார், ஒரே விடை வரும்படி பார்த்திருப்பார் என்று நம்பினால்தான் அந்த ஐந்து வரும்.

வீட்டில் பொழுதுபோக்காகப் போடுகிறவர்கள் இந்த வித்தையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். உலகத்தில் ஒரே ஒருவர் மட்டும் பயன்படுத்தக் கூடாது. ஒரே விடைதானா என்று சோதிக்க உட்கார்ந்திருக்கிறாளே, அவள்.

5

[இந்தக் கட்டம் காலி. இப்போதைக்குத் தாண்டிப் போங்கள்.]

6

தப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் புதிரில் வந்தது. ஞாயிறு என்றால் வாரத்திலேயே கடினமானது.

கண்டுபிடித்தது யார் என்று நினைக்கிறீர்கள்? வல்லுநர்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர்கள் எல்லாம் நான்கு மூலையைப் பார்த்தார்கள், ஐந்தைப் போட்டார்கள், மறுநாள் பேப்பரில் வந்த விடையோடு ஒத்துப்பார்த்துத் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். (நானும்தான். எழுதக் கூச்சமாக இருக்கிறது.) பிடித்தது ஒரு முடிதிருத்தும் கடையில். அங்கே தங்கள் முறைக்குக் காத்திருந்த இரண்டு பேர், பேனாவால், குருட்டுப்பூனை விட்டத்தில் பாய்கிற மாதிரி எதையோ போட்டு நிரப்பினார்கள். ஒருவருக்கு மூலையில் மூன்று, இன்னொருவருக்கு எட்டு. இரண்டும் சரியாக வந்தது. ஒருவர் முறை வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் சண்டை முற்றி, பாதி மழித்த முகத்தோடு அவர் எழுந்து பத்திரிகைக்குப் போன் போட்டார்.

அப்புறம் பார்த்தால் அந்தப் புதிருக்கு மூன்று விடை. மூலையில் ஐந்து போட்டால் ஒன்று. போடாவிட்டால் ஒன்றுக்கொன்று இடம் மாறின இரண்டு.

7

ஆசிரியரின் அறை. இந்தக் காட்சியை நான் மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டிலும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள். அப்படித்தான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அப்படி நடக்கவில்லை என்று தம்பி அடித்துச் சொன்னான்.

"வெறும் வருந்துகிறோம்னு போட்டா மேலிடம் ஒத்துக்காது" என்றார் ஆசிரியர். "யார் தப்புன்னு கேக்கறாங்க. தப்பு பண்ணினவங்க இந்தப் பக்கத்தைவிட்டுப் போகணும். யாருன்னு நீங்களே சொல்லிடுங்க, எனக்குச் சங்கடம் வேணாம்."

"போட்டது நான், என் தப்பு" என்றார் கட்டக்காரர்.

"பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். அதனால என் தப்பு" என்றாள் ரப்பர்.

"ரெண்டு பேர் தப்பும்னா ரெண்டு பேரையும்தான் அனுப்பணும்!"

அவர்கள் ஆசிரியரைப் பார்க்கவில்லை. அவள் கணவர் பக்கம் திரும்பினாள். இத்தனை மாதத்தில் முதல் பேச்சு.

"புதிரைக் கஷ்டமாக்கக் கடைசியா ஒரு எண்ணை எடுத்திருக்கீங்க. எடுத்தப்புறம் திரும்பச் சோதிச்சீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"கம்ப்யூட்டர் வீட்ல இருக்கு. நான் லாட்ஜுல இருக்கேன்."

"கையால பாக்க வேண்டியதுதானே? கை லாட்ஜுலதானே இருந்துச்சு?"

"நீ பார்ப்பேல்ல?" என்றார் அவர். ரொம்பச் சாதாரணமாக, விளக்கை அணைச்சியா என்று கேட்கிற மாதிரி.

அவளுக்குக் கோபம் வந்தது. சுவரில் தொங்கின நாள்காட்டியைப் பார்த்தாள். [நாள்காட்டி என் சொந்தச் சரக்கு.] அவர் மேசையில் கிடந்த புதிரை இழுத்துப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கறேன். ஒரு பொடிப் புள்ளியைக்கூட விடமாட்டியே நீ. இதை எப்படி விட்டே?"

"விட்டுட்டேன். அவ்வளவுதான்."

"இந்த மூலையில அஞ்சு எப்படி வந்துச்சு உனக்கு?"

"வந்துச்சு."

"எப்படி வந்துச்சு?"

"எப்படியோ வந்துச்சு, விடுங்களேன்!"

"எப்படியோ வராது. எக்ஸ்-விங் போட்டாலும் வராது, சங்கிலி போட்டாலும் வராது. இதைச் செஞ்சவன் நான், எனக்குத் தெரியாதா? அந்த அஞ்சுக்கு வேற வழியே இல்ல. நாலு மூலையை வச்சுத்தான்..."

அங்கே நிறுத்தினார். அவருக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு அவருக்கு முன்னாலேயே புரிந்திருந்தது, முடிதிருத்தும் கடையிலிருந்து போன் வந்த நிமிஷமே.

"ஆமா" என்றாள். "நாலு மூலையை வச்சுத்தான் போட்டேன். இப்ப அதுக்கு என்னங்கிறீங்க?"

"என்னங்க நாலு மூலை?" என்று ஆசிரியர் கேட்டார்.

8

பாருங்கள் இந்தக் கூத்தை. நம்பிக்கை போய்விட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிரிகிற இரண்டு பேர். அவள் பார்த்துக்கொள்வாள் என்று அவர் சோதிக்காமல் அனுப்பினார். அவர் ஒழுங்காகத்தான் செய்திருப்பார் என்று அவள் சோதிக்காமல் போட்டாள். கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால் ஒரு புதிர் பிழைத்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு நல்ல வாக்கியம் எழுத ஆசைப்பட்டேன். "மனம் மறந்ததைக் கை மறப்ப—" சீ, வேண்டாம். உள்ளதைச் சொல்கிறேன். தம்பி இதைச் சொன்னபோது நான் எழுந்துவிட்டேன். தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையிலேயே அவள் தம்பிக்குப் போன் போட்டாளாம்.

"சார், மனுவுல மூணாவது பத்தியை எடுத்துடுங்க."

"ஏம்மா? நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கு, ஆனா பொய். கோர்ட்ல நின்னு ஆமான்னு சொல்ல முடியாது. என் வேலையே சரிபார்க்கிறது."

"அப்ப கேஸை வாபஸ் வாங்கறீங்களா?"

"யார் சொன்னா? விவாகரத்து வேணும். அந்த வரிதான் வேணாம்."

"அம்மா, அந்த வரி இல்லேன்னா மனுவே இல்ல."

"அப்ப வேற காரணம் எழுதுங்க."

"என்ன காரணம்மா எழுதறது?"

அப்புறம் சொன்னாளாம்: "நம்பிக்கை போகல சார். கோபம்தான் போகல. அதுக்குச் சட்டத்துல ஏதாவது பிரிவு இருக்கா?"

என் தம்பி வாதாடிய வழக்குகளில் எதிராளி வக்கீலிடம்கூட அப்படித் திணறியதில்லை. "தேடிப் பாக்கறேன்மா" என்றானாம்.

"தேடுங்க" என்று வைத்துவிட்டாள்.

9

முடிவு.

அந்த வரி மனுவில் நிற்கும்வரை, அடுத்த விசாரணையில் நீதிபதி இருவரையும் தனித்தனியாகக் கேட்பார்: "நம்பிக்கை அற்றுப்போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, உண்மைதானா?" இரண்டு பேரும் ஆமாம் என்றால் முடிந்தது, ஆளுக்கொரு வழி.

முடிவு ஒன்று: அவர் ஆமாம் என்கிறார், அவள் இல்லை என்கிறாள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றுகிறார். வாய்தா.

முடிவு இரண்டு: அவள் ஆமாம் என்கிறாள், அவர் இல்லை என்கிறார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றுகிறார். வாய்தா.

இரண்டையும் விடிய விடிய மெருகேற்றினேன். பிறகுதான் உறைத்தது. இதை அங்கேயும் அதை இங்கேயும் மாற்றிப் போட்டாலும் கதை அப்படியே நிற்கிறது, ஒரு எழுத்துகூட இடிக்கவில்லை. மூன்றும் எட்டும்தான். ஆகவே இரண்டும் உதவாது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது: இரண்டு பேரும் இல்லை என்பது. அதற்குத்தான் நடுவில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டேன். நிரப்புவதற்காக விசாரணை நாளன்று தம்பிக்காகக் காத்திருந்தேன். வந்தான். கை கழுவினான். தட்டின் முன்னால் உட்கார்ந்தான்.

"என்னடா ஆச்சு?"

"எது?"

"எதுவா? ரப்பர் கேஸ்டா!"

"கட்சிக்காரங்க விஷயத்தை வெளியே சொல்லக் கூடாதுக்கா. தொழில் தர்மம்."

இத்தனை வருஷம் இல்லாத தர்மம்! கெஞ்சினேன், திட்டினேன், தட்டைப் பிடுங்கினேன். ஒன்றும் பலிக்கவில்லை. கை அலம்பிவிட்டுக் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னான்: "ஞாயித்துக்கெழமைப் பேப்பரைப் பாரு."

பார்த்தேன். புதிர்ப் பக்கம் இருந்தது. வேறு ஆள் கிடைக்கவில்லையோ, மேலிடம் மறந்துவிட்டதோ, யார் கண்டது? புதிருக்கு அடியில் சின்ன எழுத்தில் செய்தவர் பெயரும் சரிபார்த்தவர் பெயரும் புதிதாகப் போட்டிருந்தார்கள், பக்கத்துப் பக்கத்தில். அது வெறும் அலுவலக ஏற்பாடாகவும் இருக்கலாம். பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி தூரம் வந்ததும் கை நின்றது.

நான்கு மூலைகள். மூன்றில் மூன்றோ எட்டோ. நான்காவதில் மூன்று, எட்டு, ஐந்து.

அடப்பாவி மனுஷா! சூடுபட்ட இடத்திலேயே திரும்பவும் கையை வைத்திருக்கிறார். அவளுக்கென்றே வைத்திருக்கிறார். அது அச்சாகி வந்திருக்கிறது என்றால் அவள் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எப்படிப் பார்த்தாள்? இந்தத் தடவை எல்லா வழியிலும் புகுந்து புறப்பட்டு, ஒரே விடைதான் என்று உறுதி செய்துகொண்டு போட்டாளா? இல்லை, நான்கு மூலையைப் பார்த்ததும் உதட்டைச் சுழித்துக்கொண்டு, போனால் போகிறது என்று ஐந்தைப் போட்டாளா? அச்சான கட்டத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. முடிவு அதில்தான் இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

நீளமான வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு எண்ணாக வைத்துப் பார்த்து, முட்டி, திரும்பி வந்து, ஒரு காலைப் பொழுது முழுக்க உட்கார்ந்தால் இந்தப் புதிருக்கு ஒரு விடையா, மூன்று விடையா என்று தெரிந்துவிடும்.

காலியாக விட்ட கட்டம் அங்கேயே இருக்கிறது, நாலுக்கும் ஆறுக்கும் நடுவில். நான் அதில் ஐந்து போட்டுவிட்டேன். சரிபார்க்கவில்லை.

நீங்கள் பார்ப்பீர்கள் இல்லையா?